ஜீவகாருண்யமும் நாய் பூனைக் கர்ப்பத்தடையும்

(பல்லாவரத்தில் நாம் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டவுடன் சிலர் சிரிக்கக்கூடும். மனிதனுக்கு மனிதன் செய்கிற கொடுமையையே பேசித் தீர்க்க முடியவில்லை, இதற்குள் நாய்க்கும் பூனைக்கும் கர்ப்பத்தடை செய்வதைப் பற்றி ஒரு மேடையா என்று கேட்கக்கூடும். நாம் இதை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டோம். ஏனென்றால், பாபம் புண்ணியம் என்கின்ற இரண்டு வார்த்தைகள் ஒரு மனிதனுடைய கண்ணை எவ்வளவு தூரம் மறைத்துவிடும் என்பதற்கு, வீட்டில் வளர்க்கும் நாய் பூனை விஷயத்தைப் போலக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள அத்தாட்சி வேறில்லை.

இந்த ஊரில் ஒரு வீட்டில் ஒரு பெட்டை நாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மிருக வைத்தியர், "இதற்கு ஓர் ஆப்பரேஷன் செய்துவிடுங்கள், பிறகு குட்டி போடாது" என்கிறார். வீட்டுக்காரர், "ஐயோ, வாயில்லா ஜீவன், அதன் வயிற்றில் கத்தி வைப்பது மகா பாபம் அல்லவா!" என்று காதைப் பொத்திக்கொள்கிறார். நல்லது. சில மாதம் கழித்து அது ஆறு குட்டி போடுகிறது. அந்த ஆறும் கண் திறந்து, ஓடியாடி, செருப்பைக் கடித்து, வாசலெல்லாம் அசிங்கம் பண்ண ஆரம்பித்ததும், அதே வீட்டுக்காரர் ஒரு சாக்கை எடுக்கிறார். இருட்டிய பிறகு வண்டியில் வைத்துக்கொண்டு போய் ஏரிக்கரையிலோ, சந்தை கூடும் இடத்திலோ, ரயில் பாதை ஓரத்திலோ அவிழ்த்துக் கொட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் வந்து, கால் கழுவித் திருநீறும் இட்டுக்கொள்கிறார். கத்தி பாபம், சாக்கு பாபமில்லை! இந்தக் கணக்கு எந்தப் புத்தியில் விளைந்தது என்று கேட்கத்தான் நாம் வந்திருக்கிறோம்.

கொட்டப்பட்ட குட்டிகளின் கதி என்ன? பாதி, பால்மறவாத வயதிலேயே பசியாலும், ரத்தபேதி உண்டாக்கும் பார்வோ என்னும் நோயாலும், நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரத்தாலும் தீர்ந்துபோகின்றன. தப்பிப் பிழைத்தது ஒரு வருஷத்திற்குள் தானே சினையாகிறது. நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். பருவம் வருஷத்திற்கு இரண்டு தரம் வரும். பூனையோ இன்னும் வேகம். ஐந்தாறு மாதக் குட்டியே கர்ப்பம் தரித்துவிடும், முன்னே போட்ட குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும், வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்றுச் சர்வ சாதாரணம். ஈற்றுக்கு நாலு என்று வைத்தாலும் பன்னிரண்டு பூனை. இந்தத் தெருவில் பன்னிரண்டு பூனைக்குச் சோறு போட யார் தயார்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. குட்டி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் "ஆண் குட்டி இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். பெட்டை என்றால் வேண்டாம், அது குட்டி போட்டுத் தொல்லை கொடுக்கும். ஆதலால் சாக்கில் போவது பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். தெருவில் பெருகுவதற்கு எது காரணமோ அதையே பொறுக்கி எடுத்துத் தெருவில் விடுகிறோம்! பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பாலைத் தேடிய நாடு இது. அதைத் தடுக்க 1992-ஆம் ஆண்டில் சர்க்கார் தொட்டில் வைக்க வேண்டியிருந்த நாடு இது. பழக்கம் வீட்டு நாய் வரைக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிற்க. ஆட்சேபணை சொல்லுகிறவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பாபம் என்பது. நாம் கேட்பது என்னவென்றால், உங்கள் பாட்டன் பூட்டன் ஏரில் பூட்டிய மாடு என்ன மாடு? காயடித்த மாடு. வண்டி இழுத்த மாடு எது? காயடித்த மாடு. கிடாயைக் கொழுக்க வைக்க என்ன செய்கிறார்கள்? காயடிக்கிறார்கள். அதுவும் எப்படி? மயக்க மருந்து கிடையாது. மாட்டைக் கயிறு கட்டிச் சாய்த்து, நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இரண்டு கட்டைக்கு நடுவே விதையை வைத்து நசுக்கினார்கள். அந்த மாடு போட்ட சத்தத்தைக் கேட்டு எந்தப் பௌராணிகராவது பாபம் என்று ஓடி வந்தாரா? ஒருவரும் வரவில்லை. அந்த மாட்டைக் கொண்டு விளைந்த நெல்லைத்தான் கோவிலுக்கும் படைத்தார்கள். இன்றைக்கு நாய்க்குச் செய்வதோ, மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல், படித்த வைத்தியர் சுத்தமான கத்தியால் செய்வது. வலித்தது பாபமில்லை, வலிக்காதது பாபமா? லாபம் வந்தால் பாபம் மறைந்துபோகும் என்பதைத் தவிர இதற்கு வேறு தத்துவம் இருந்தால் சொல்லுங்கள்.

நாய் பைரவரின் வாகனம், அதற்கு இப்படிச் செய்யலாமா என்கின்றவர்களும் உண்டு. தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வெளியே வருகிறவர், வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் உயிருள்ள வாகனத்தைக் கல்லால் அடித்துத் துரத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். கல் நாய்க்கு மாலை. நிஜ நாய்க்குக் கல்.

இரண்டாவது, இது இயற்கைக்கு விரோதம் என்பது. தோழர்களே, இந்தப் பல்லாவரத்தில்தான் 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் பழைய கற்கால மனிதன் செய்த கற்கருவியைக் கண்டெடுத்தார். அந்தக் கல்லைத் தட்டிக் கூராக்கிய மனிதனிடம் நாய் இல்லை. நாய் மனிதனோடு வந்து சேர்ந்தது அதற்கு எவ்வளவோ காலத்திற்குப் பிறகு. ஓநாய்க் கூட்டத்திலிருந்து பிரிந்து, மனிதன் போட்ட எலும்புக்கு வாலாட்டி, அவன் விருப்பத்திற்கேற்ப உருவமே மாறிப்போன பிராணி அது. சோறு நாம் போடுகிறோம், கூரை நாம் கொடுக்கிறோம், ஊசி நாம் போடுகிறோம், சங்கிலியும் நாமே மாட்டுகிறோம். இத்தனையும் இயற்கை, குட்டியைத் தடுப்பது மாத்திரம் இயற்கைக்கு விரோதமா? காட்டில் பிறப்பு அதிகமானால் புலியும் பஞ்சமும் குறைத்துவிடும். வீட்டுக்குள் புலியை விட முடியாத காரணத்தால்தான் வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுகிறோம்.

இந்த "இயற்கைக்கு விரோதம்", "கடவுள் கொடுத்ததைத் தடுக்கலாமா" என்கின்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. மனிதர்களுக்குக் கர்ப்பத்தடை வேண்டும், பெண்கள் பிள்ளை பெறும் இயந்திரங்கள் அல்ல என்று சுயமரியாதைக்காரர்கள் 1930 வாக்கில் மேடைகளில் சொன்னபோது, இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் வைதார்கள். இன்றோ தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு குழந்தைகூட இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8 என்று கணக்கு வந்தது. அன்று வைதவர்களின் பேரன் பேத்திகளெல்லாம் ஒன்றோடும் இரண்டோடும் நிறுத்திக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். தனக்கு வேண்டும், தன் நாய்க்கு வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

மூன்றாவது வாதம், ஒரு தரமாவது தாயாகட்டும், தாயாகாவிட்டால் பெட்டை நாய்க்கு மனக்குறை வரும், சீக்கு வரும் என்பது. இது பெண்ணைப் பற்றி ஆண் வைத்திருக்கிற கற்பனையை நாயின் தலையில் ஏற்றிச் சொல்வது. நாய்க்குத் தாய்மையைப் பற்றிய கனவு கிடையாது. சீக்கு விஷயம் நேர் எதிரானது. ஆப்பரேஷன் செய்யாத பெட்டை நாய்க்கு வயதானபின் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் வியாதி அடிக்கடி வருகிறது. கவனிக்காவிட்டால் உயிரை வாங்கிவிடும். மடியில் கட்டி வருவதும் ஆப்பரேஷன் ஆகாத நாய்களுக்கே அதிகம். முதல் ஓரிரண்டு பருவங்களுக்குள் ஆப்பரேஷன் செய்துவிட்டால் அந்த அபாயம் மிகவும் குறைகிறது. கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டபின், இல்லாத பையில் சீழ் எப்படிப் பிடிக்கும்? ஆனால் ஆப்பரேஷனில் குறையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அதற்குப் பிறகு உடம்பு பருக்கும். சோற்றைக் குறைத்து நடக்க வைக்க வேண்டும். உருவத்தில் பெரிய நாய்களுக்கு மிகச் சிறு வயதில் செய்தால் மூட்டில் கோளாறு வரலாம் என்று இப்பொழுது சொல்லுகிறார்கள். ஆகவே எந்த வயதில் செய்வது என்பதை வைத்தியரிடம் கேட்டுச் செய்ய வேண்டும், பஞ்சாங்கத்தைக் கேட்டல்ல.

நாலாவதுதான் வேடிக்கையானது. பெட்டைக்கு ஆப்பரேஷன் என்று சொன்னால் யோசிக்கிறேன் என்கின்ற ஆண்பிள்ளை, ஆண் நாய்க்கு என்று சொன்னவுடன் தன் வேட்டியை இழுத்து மூடிக்கொள்கிறார்! "வேண்டாங்க, அதனுடைய ஆண்மை போய்விடும்" என்கிறார். யாருடைய ஆண்மையைப் பற்றி அவருக்குக் கவலை என்பது தெரியவில்லை. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் சுலபம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, புண்ணும் சிறிது, சீக்கிரம் ஆறும். செய்தபின் பருவம் வந்த பெட்டையைத் தேடி மதில் தாண்டி ஓடுவதும், போன இடத்தில் கடிபட்டு வருவதும், கடுவன் பூனை வீடெல்லாம் மூத்திரம் அடித்து வைப்பதும் பெரும்பாலும் குறையும். மனிதர் விஷயத்திலும் கதை இதுவே. நாம் முன் சொன்ன அதே ஆய்வில், இந்தியா முழுவதிலும் கல்யாணமான பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 38 பேர் தாங்களே கர்ப்பத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்ட குடும்பம் 1000-க்கு 3 தான். ஆணுக்குச் செய்வது எளிது என்று தெரிந்தும் கத்தியைப் பெண்ணிடம் தள்ளிவிடுகிற ஜாதி, நாயிடம் மட்டும் நியாயம் செய்யுமா?

ஜாதி என்றதும் ஞாபகம் வருகிறது. மனிதரில் ஜாதி இல்லை என்று பேசுகிற வீட்டிலும் "ஜாதி நாய்" உண்டு. லாப்ரடார் ஜாதி, பொமரேனியன் ஜாதி, ராஜபாளையம் சுத்த ஜாதி, கலப்பில்லாதது! இந்த நாய்க்கு ஜாதகம் பார்ப்பது போலப் பரம்பரைச் சீட்டு பார்த்து, ஜோடி சேர்த்து, குட்டி ஒன்று இத்தனை ஆயிரம் என்று விற்கிறார்கள். இங்கே கத்தி பாபம் என்கிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் பாபத்தைப் பற்றிய கவலை, எத்தனை பேருக்கு அடுத்த ஈற்றின் விலையைப் பற்றிய கவலை என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறோம். நமது வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு, பழைய நாற்காலி, செடி கொடிகளோடு குருவியும் புறாவும் நாய்க்குட்டியும்கூட விலைக்கு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது, நாய் வளர்த்து விற்கிறவன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டிலேயே மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. கூடையில் இருக்கும் குட்டிக்கு வயது என்ன என்று வாங்குகிறவர்கள் கேட்பதுண்டா?

ஜாதியில்லாத தெருநாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் "பரையா நாய்". பறையர் என்கின்ற நம் நாட்டு மக்களின் பெயரைத் தமிழிலிருந்து எடுத்துப்போய், "ஒதுக்கப்பட்டவன்" என்று அதற்குப் பொருள் வைத்து, பிறகு நாய்க்கும் சூட்டினான். வெள்ளைக்காரனை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பெயரை இழிவாக்கி அவன் கையில் கொடுத்தவர்கள் இந்நாட்டு மேல்ஜாதிக்காரர்கள்தான். நாயை அந்தப் பெயரால் அழைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். நாட்டு நாய் என்று சொல்லுங்கள், போதும்.

இனி ஊர்ப் பொது விஷயத்திற்கு வருவோம். தெருநாயைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது, ஆப்பரேஷன் எதற்கு என்பவர்கள் பட்டணத்துச் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். சென்னைக் கார்ப்பரேஷன் 1860 வாக்கில் நாய் கொல்ல ஆரம்பித்தது. முதலில் நாளுக்கு ஒரு நாய்கூட இல்லை. 1995 வாக்கில் நாளொன்றுக்கு 135 வரை கொல்ல வேண்டியிருந்தது என்று புளூ கிராஸ் சங்கத்தார் கணக்குச் சொல்லுகிறார்கள். நூற்று முப்பத்தைந்து வருஷம் கொன்றும் நாய் குறையவில்லை, கொலைதான் பெருகியது. 1970-களில் செத்த நாய்களின் தோலில் கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்து பார்க்கும் அளவுக்கு விஷயம் போயிற்றென்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி 1959-ல் ஆரம்பித்த அந்தச் சங்கம், கொல்லாதே, பிடித்து ஆப்பரேஷன் செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடு என்று 1964 முதல் சொல்லி வந்தது. கார்ப்பரேஷன் அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்! பிறகு 2001-ல் அது இந்தியா முழுமைக்கும் விதியாயிற்று. 2023-ல் புது விதி வந்தது.

அப்படியானால் நாய் குறைந்திருக்க வேண்டுமே என்பீர்கள். நியாயமான கேள்வி. 2024-ல் சென்னை மாநகராட்சி எடுத்த கணக்கில் தெருநாய் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். அதில் ஆப்பரேஷன் ஆனது 100-க்கு 27 தான். பத்தில் ஏழுக்குமேல் செய்தால்தான் பெருக்கம் நிற்கும். கால்வாசி செய்துவிட்டு மீதியை விட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டது போல்தான். நமது பல்லாவரம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. ஊரின் இன்னொரு பகுதி நெடுங்காலமாகக் கன்டோன்மெண்டுக்குள் இருந்து வந்திருக்கிறது. அந்தப் பக்கம் தாண்டினால் சென்னை மாநகராட்சி எல்லை. எது எந்த ஆபீசின் நாய் என்று குமாஸ்தாக்கள் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாய் மூன்று எல்லையையும் தாண்டிக் குட்டி போட்டுவிட்டு வருகிறது.

சர்க்காரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். 2023-ஆம் ஆண்டு விதி, தெருநாய்க்கு உள்ளூர் ஸ்தாபனம் பொறுப்பு என்றும், வீட்டு நாய்க்கு ஊசி போடுவதும் ஆப்பரேஷன் செய்வதும் வளர்க்கிறவர் பொறுப்பு என்றும் தெளிவாகச் சொல்லுகிறது. தெருவில் பத்து நாய்க்கு ஆப்பரேஷன் ஆகும் இரவில் ஒரு சாக்கு அவிழ்ந்தால் அந்த வேலை பாழ். 2025 ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு டில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, பதினொரு நாளில், ஆப்பரேஷனும் ஊசியும் ஆனபின் வெறிநாயும் மூர்க்க நாயும் நீங்கலாக மற்றதைப் பழைய இடத்திலேயே விடலாம் என்று திருத்தி, நவம்பரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயிலடி முதலிய இடங்களில் பிடித்ததை அங்கே திரும்ப விடக்கூடாது என்றும் சொல்லிற்று. நாடு முழுதும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. சாக்கைப் பற்றி எந்தக் கட்சியும் அதிகம் பேசவில்லை.

பக்தி மிகுந்த பூட்டான் தேசத்தைப் பாருங்கள். உயிர்க்கொலை ஆகாது என்கின்ற பௌத்த நாடு அது. அவர்கள் 2009-ல் ஆரம்பித்து ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்ட நாய்களுக்கு ஆப்பரேஷன் செய்து, 2023-ல் தங்கள் தெருநாய் எல்லாவற்றிற்கும் செய்து முடித்ததாக அறிவித்தார்கள். மறைமலையடிகள் 1911 முதல் 1950-ல் காலமாகும் வரை வாழ்ந்த இந்த ஊராருக்கு ஜீவகாருண்யம் என்பதன் பொருளை நாம் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால், அடுப்பில் மாமிசம் வைக்காதவர் வீட்டிலிருந்தும் சாக்கு போகத்தான் போகிறது.

கடைசியாக, நாய்க்கடி. ஆப்பரேஷன் வெறிநோயைத் தடுக்காது. அதைத் தடுப்பது ஊசி. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். வெறிநோய் கண்டபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. நம் மாகாணத்தில் 1907-லேயே குன்னூரில் இதற்காகப் பாஸ்டர் ஸ்தாபனம் திறந்தார்கள். நூறு வருஷத்திற்கு மேலாகியும் நாய் கடித்தால் மந்திரிக்கப் போகிறவன் இருக்கிறான், கடிவாயில் மிளகாயும் சுண்ணாம்பும் வைக்கிறவள் இருக்கிறாள். இந்தியாவில் இதனால் வருஷந்தோறும் 18 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரம் பேர் சாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் நெடுங்காலம் சொல்லி வந்தது. 2022-23-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் வீடுவீடாய் விசாரித்துப் போட்ட மதிப்பு சுமார் 5,700. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பதினைந்து பேர். கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள், சொன்ன நாளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

சில தோழர்கள் துண்டுச் சீட்டில் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். எங்கே போய்ச் செய்வது என்று ஒருவர் கேட்கிறார். 1903-ல் ஏற்பட்ட வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள். வேளச்சேரிப் பக்கம் புளூ கிராஸ் இருக்கிறது. தகுதியுள்ள தனி வைத்தியர்களும் இருக்கிறார்கள். வைத்தியர் சொல்லுகிறபடி முன்னதாகவே சோற்றை நிறுத்திப் பட்டினியாகக் கொண்டுபோக வேண்டும். வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சில் அடைக்கும். பத்துப் பதினாலு நாள் குளிப்பாட்டாமலும், புண்ணை நக்க விடாமல் கழுத்தில் புனல் போன்ற பட்டை கட்டியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெருநாயின் ஒரு காதில் ஓரத்தில் வெட்டியிருக்கிறதே, அது என்ன கொடுமை என்று இன்னொருவர். அது ஆப்பரேஷன் ஆனதற்கு அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே செய்வது. அதே நாயை மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்காமலிருக்க அதுதான் ரசீது.

ஒரு தாயார் கேட்டிருக்கிறார்கள்: கடுவன் பூனைக்கு நேற்று ஆப்பரேஷன் ஆயிற்றாம், வீட்டில் ஆப்பரேஷன் ஆகாத பெட்டையும் இருக்கிறதாம், இனிமேல் இரண்டையும் ஒன்றாக விடலாமா என்று. கூடாது அம்மா. உள்ளே தங்கிய விந்து தீரச் சில வாரம் பிடிக்கும். ஒன்றரை மாதம் இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். அதற்குள் பெட்டையையும் வைத்தியரிடம் காட்டி நாள் வாங்கிவிடுங்கள்.